தவுக்கேயின் குருதி எண்ணு படலம்

வாழ்க தவுக்கே! மெர்போக் ரப்பர் நிரைகளின் காவலனே, கருவாட்டுக் கூடைகளின் காலனே, காது கிழிந்தும் களம்விட்டு ஓடாத சாம்பல்நிறச் சிங்கமே, எண்ணெய்ப்பனை நிழலில் எலிக்குலம் நடுங்க உலா வந்தவனே, அப்பளசாமியின் ஒற்றைக் கட்டிலில் தலையணையின் பாதியை அன்றாடம் திறையாகப் பெற்ற வேந்தே, உன் புகழ் பாடப் புகுந்தோம்! முதலாளி என்று பொருள்படும் அப்பெயரை உனக்குச் சூட்டியவரே உனக்கு வேலைக்காரராகிப் போன விந்தையையும், உன் ஒரு துளிக் குருதியின் பொருட்டுச் சுங்கைப்பட்டாணி நகரில் நடந்தேறிய அமளியையும் கேட்க விரும்புவோர் கேட்கட்டும். மற்றவர்கள் அவரவர் வேலையைப் பார்க்கட்டும்.

வெல்லற்கரிய அவ்வீரனை வீழ்த்தியது வேற்றுப் பூனையன்று, நாயுமன்று; கடைவாயில் பதுங்கியிருந்த ஒரு சொத்தைப் பல். ஈறு வீங்கிச் சீழ் கோத்துக்கொள்ள, கெம்போங் மீனை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான் தவுக்கே. மனைவி மறைந்தபின் பேச்சுத்துணைக்கு அவனையன்றி வேறு நாதியற்ற அப்பளசாமி, தாமும் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, மோட்டார் சைக்கிளின் முன்கூடையில் வேந்தனை எழுந்தருளச் செய்து, வழிநெடுக மேடுபள்ளங்களிடம் மன்னிப்புக் கேட்டபடி, மருத்துவர் ரூபினியின் விலங்கு மருத்துவமனையை வந்தடைந்தார். பல்லைப் பிடுங்கியாக வேண்டும் என்றார் ரூபினி. பிடுங்கினால் குருதி பெருகும். பெருகும் குருதியை உறையவைக்கத் தட்டணுக்கள் வேண்டும். அவை போதிய அளவு உண்டா என்று தெரியாமல் பல்லில் கை வைத்தால் பூனை செத்தும் போகலாம்.

அதை அறிந்து சொல்லத்தானே முந்தின நாள் அங்கு வந்திறங்கியிருந்தது, துளிக் குருதியை விழுங்கி அதிலுள்ள அணுக்களையெல்லாம் இமைப்பொழுதில் எண்ணி உமிழும் வெண்ணிறக் கணிதப் பூதம்! ஆயினும், மனிதக் குருதியில் கொடி நாட்டிய எத்தனையோ இயந்திரங்கள் பூனைக் குருதியில் மண்ணைக் கவ்விய வரலாற்றை ரூபினி அறிவார். பூனையின் தட்டணுக்களும் பூனையைப் போலவே சொன்ன பேச்சுக் கேளாதவை. ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி, எண்ண வந்தவரை ஏய்த்துவிடுபவை. ஆகவே அவர் சூளுரைத்தார்: "ஒரே ரத்தத்த மெஷின்லயும் போடுவேன், மைக்ரோஸ்கோப்புல நானும் எண்ணுவேன். ரெண்டும் ஒத்துப் போனாத்தான் பல்லப் பிடுங்குவேன், அங்கிள். இல்லன்னா தொட மாட்டேன்."

மூண்டது போர். மேசையென்னும் களத்தின் ஒருபுறம் ஊசியேந்திய ரூபினி. மறுபுறம் கையுறை பூண்ட உதவியாளர் மாலா. பின்னணியில், "மெதுவா, மெதுவா" என்று எதிரிக்கும் தம் படைக்கும் பொதுவாகக் கட்டளையிட்ட அப்பளசாமி. நடுவே, காதுகளைக் கவிழ்த்து, வாலைப் போத்தல் கழுவும் பிரஷாக விரித்து, அடிவயிற்றிலிருந்து இடி முழக்கிய தனியொருவன் தவுக்கே. மாலா வீசிய துண்டு அவனை மூடாமல் அப்பளசாமியின் தலையை மூட, அந்த இருளில் அவர் தடுமாறிப்போய் நாய்களை நிறுக்கும் தராசின்மேல் அமர, அது அவருடைய எடையைச் செந்நிற எழுத்தில் ஊரறியப் பறைசாற்ற, அக்கணத்தில் வீரன் மருந்தலமாரியின் உச்சிக்குத் தாவி, அங்கிருந்து நாய் குளிப்பாட்டும் சவர்க்காரப் பெட்டிகளின் கோபுரத்தைத் தகர்த்து, மாலாவின் முழங்கையில் தன் கையொப்பத்தைப் பொறித்துவிட்டு, புகலிடம் தேடி அப்பளசாமியின் சட்டைக்குள் புகுந்தான். சட்டையோடு சேர்த்து அமுக்கிப் பிடித்து, ஒரு வழியாக ரத்தம் எடுத்தார்கள்.

இயந்திரம் உறுமியது, குமிழிட்டது, சிந்தித்தது, பின் திரையில் தன் திருவாக்கை மலர்த்தியது. அந்தோ, எத்தகைய எண்! பூனைக் குலத்தில் எவர்க்கும் வாய்த்திராத தட்டணுச் செல்வம். யானைக்குப் பங்கு கொடுத்தாலும் மிஞ்சும் குவியல். ரூபினியோ ஒற்றைக் கண்ணை மூடி, மறு கண்ணால் நுண்ணோக்கியின் ஆழத்தைத் துழாவி, ஆங்காங்கே கட்டியாகிக் கிடந்தவற்றைத் தவிர உதிரியாகச் சிலவற்றையே கண்டார். பூதம் சொல்வது உண்மையா, கண் சொல்வது உண்மையா?

"மெஷினே நெறயா இருக்குன்னு சொல்லுதே, டாக்டர். பிடுங்கிருங்க லா. அவன் சாப்ட்டு நாளாச்சு" என்று அப்பளசாமி கெஞ்சினார். "மெஷின் சொல்றத நம்பிப் பிடுங்கி, ரத்தம் நிக்காம போனா, அப்புறம் என்னைய நீங்க மன்னிப்பீங்களா?" என்று ரூபினி கேட்டார்.

எனவே பூதத்துக்கே வைத்தார் ரூபினி ஒரு சோதனை. குருதி ஒரு துளியும் கலவாமல், குருதியைக் கரைக்க அதனோடு இணைத்திருந்த போத்தலின் நீரை மட்டும் அதற்கு ஊட்டினார். சுழியம் என்று அடக்கத்தோடு சொல்லியிருக்க வேண்டிய அவ்வியந்திரம், உடலில்லாத, காலில்லாத, வாலுமில்லாத ஏதோவொரு பூனையின் தட்டணுக்கள் அந்நீரில் மலைமலையாய்க் குவிந்திருப்பதாகச் சற்றும் கூசாமல் முழங்கியது. மூவரும் திரையைப் பார்த்தார்கள். பிறகு இருவர் மாலாவைப் பார்த்தார்கள். ஏனென்றால் மாலா அழ ஆரம்பித்திருந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க, டாக்டர். புது மெஷின் லா. கார் வாங்குனா பூச போடுறோம், இதுக்குப் போட வேணாமா? வீல் இல்ல, அதனால சும்மா ஒரு எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டேன். அப்புறம் அந்தத் தண்ணி போத்தல்ல கோயில் திருநீறு ஒரு சிட்டிக போட்டேன். சீக்காளிக்குத் திருநீறு தண்ணி குடுத்தா நல்லதுதானே? வர்ற பூனைக்கெல்லாம் நல்ல ரிசல்ட் வரணும்னுதான்..."

வந்துவிட்டதே நல்ல ரிசல்ட்! துணுக்கு என்று எது கண்ணில் பட்டாலும் குலம் கோத்திரம் விசாரியாமல் கணக்கில் சேர்க்கும் அப்பூதம், மாரியம்மன் சன்னிதிச் சாம்பலையெல்லாம் தவுக்கேயின் தட்டணுக்களாக வரவு வைத்திருந்தது. ரூபினிக்குச் சினம் பொங்கியது. ஆனால் திட்ட வாய் எழவில்லை. பரீட்சைக்குப் பரீட்சை அதே திருநீற்றுத் தண்ணீரைக் குடித்துத்தான் அவரும் டாக்டரானார்.

போத்தல் மாற்றப்பட்டது, குழாய்கள் அலசப்பட்டன, வெறும் நீரைக் குடித்த பூதம் இம்முறை சுழியம் என்று பணிவோடு மொழிந்தது. இனி வேண்டியது புதுக் குருதி. கதவைத் தாழிட்டு, சவர்க்காரங்களை அப்புறப்படுத்தி, மாலா இரு கைகளிலும் இரு துண்டுகளை ஏந்தி, அப்பளசாமி தலைக்கவசம் அணிந்து, முன்னினும் கொடிய இரண்டாம் போருக்குப் படை திரண்டு நின்றது.

போர் நடக்கவில்லை. தவுக்கே கிடந்தான். ஊசியைக் கண்டு சீறவில்லை, காலை இழுத்துக்கொள்ளவில்லை. பட்டினி அவனிடமிருந்த கடைசிப் படையையும் கலைத்துவிட்டிருந்தது. அப்பளசாமி தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு, தம் விரலை அவன் வாயருகே கொண்டுபோனார். "டேய், கடிடா. ஒரு தடவ கடிடா" என்றார். அவன் கடிக்கவில்லை. அவர் யாரையும் பற்றிக் கவலைப்படாமல் அழுதார்.

தடையின்றி விரைந்து வந்த அக்குருதியில் தட்டணுக்கள் கட்டிக்கொள்ளவும் நேரமில்லை. பூதம் ஓர் எண்ணைச் சொன்னது. நுண்ணோக்கியிலிருந்து நிமிர்ந்து ரூபினி ஓர் எண்ணைச் சொன்னார். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. குவியல் இல்லை, ஆனால் போதும். "இப்ப மெஷின நம்புறேன், அங்கிள். வெளிய உக்காருங்க" என்றார் ரூபினி. எண்டிசையும் முரசதிர, தேவரும் மூவரும் ககனவெளியில் கைகட்டி நிற்க, கெடா மாநிலத்து எலிகளெல்லாம் தங்கள் எதிர்காலத்தை எண்ணி ஏங்க, குறட்டின் கூர்வாயில் சிக்கிய அக்கொடும்பல் வேரோடு பெயர்ந்து வீழ, பெருகிய செங்குருதி தன் தட்டணுச் சேனை எழுந்து வந்து அணைகட்டத் தானே அடங்கி நிற்க, மயக்கம் தெளிந்த மாவீரன் தன் மாண்புமிகு விழிகளில் ஒன்றை மட்டும் திறந்து, கதவோரம் நின்ற தன் ஒரே குடிமகனை அடையாளம் கண்டு, மீண்டும் மூடிக்கொண்டான்.

சாயங்காலம் பூனை கொஞ்சம் கஞ்சி குடித்தது.