இடப்பக்கமாகச் சுற்றி இறங்கவும்

ஒரு காட்டில், நல்ல வெயில் நேரத்தில், செங்கால் நாரை வேதமுத்துவைக் கடைசியாக உயிரோடு பார்த்தது அவர் மனைவி கனியம்மாள்தான். அவள் ஏரிக்கரை மருதமரத்துக் கூட்டில் மூன்று குஞ்சுகளோடு இருந்தாள். அவர் எங்கோ பிடித்த விரால் மீனை அலகில் கவ்விக்கொண்டு ஏரியைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

சின்ன ஏரி. இறங்குகிறவர்களுக்குக் கைகாட்ட ஆள் கிடையாது. அதனால் பறவைகள் தமக்குள் மூன்று விதி வைத்திருந்தன. இடப்பக்கமாகச் சுற்றி வர வேண்டும். திரும்பும்போதெல்லாம் கழுத்தில் மாட்டிய மைக்கில் அதைச் சொல்ல வேண்டும். நாலு பக்கமும் பார்க்க வேண்டும். பார்த்ததற்குச் சாட்சி கிடைக்காது என்பதால் மூன்றாவது விதியை எல்லோரும் சீக்கிரமே விட்டுவிட்டார்கள்.

வேதமுத்து மட்டும் பார்த்துப் பறந்தார். மைக்கில்தான் பேசுவதில்லை.

ஏரியின் பாதுகாப்பு அதிகாரி ஆமையார் முந்தின நாள் அவரைக் கூப்பிட்டனுப்பினார். ஆமையார் பிறந்ததிலிருந்து பறந்ததே இல்லை. ஆகவே ஒரு விபத்தும் இல்லை. அந்தத் தகுதியில் கிடைத்த பதவி.

"நீர் வாயே திறக்கிறதில்லையாமே?"

"திறந்தா மீன் விழுந்துடும் ஐயா. பிள்ளைங்க பட்டினி கிடக்கும்."

"நாளைக்கும் சொல்லாம இறங்கினா மரத்தைக் காலி பண்ணும்."

மறுநாள்தான் அந்த விரால் மீன். வேதமுத்துவுக்குப் பின்னால், மேலிருந்து, கூழைக்கடா பொன்னுரங்கம் வந்தார். மீனைத் தொண்டைப் பையில் போட்டுக்கொள்கிறவர். பேச்சுக்குத் தடையில்லை. ஆனால் அந்தப் பை மறைத்ததில் கீழே எதுவும் தெரியாது. சுற்றி வருவதெல்லாம் சில்லறைப் பறவைகளுக்கு என்பது அவர் எண்ணம்.

"நேரா இறங்குறேன்! எல்லாரும் விலகிக்கோங்க!"

"ஏங்க, மேல பாருங்க!" என்று கனியம்மாள் கத்தினாள்.

பார்த்திருப்பார். ஆனால் மரம் போய்விடுமே என்ற பயம். மைக்கை நோக்கிக் குனிந்து, "வேதமுத்து, கடைசித் திருப்பம்..." என்றார். மீன் நழுவியது. அதைப் பிடிக்கச் சட்டென்று வளைந்தார். பொன்னுரங்கம் அவர்மேல் இறங்கினார்.

விசாரணை நடந்தது.

"கீழே பார்த்தீரா?" என்றார் ஆமையார்.

"நான் நாலு தடவை சொன்னேனே! சொல்றவன் எதுக்குப் பார்க்கணும்? கேக்கறவன்தான் பார்க்கணும்" என்றார் பொன்னுரங்கம், சிறகில் கட்டோடு.

ஆமையார் தலையை ஆட்டினார். "நியாயம்தான். வேதமுத்து அறிவிப்பை முடிக்கவில்லை. தவறு அவருடையது."

"முடிக்கறதுக்குள்ள இவர் அவரை முடிச்சுட்டாரேய்யா!" என்றாள் கனியம்மாள்.

"எதுவானாலும் மைக்கில் சொல்லும்மா" என்றார் ஆமையார்.

இப்போது குஞ்சுகளுக்குக் கனியம்மாள்தான் இரை கொண்டுவருகிறாள். பக்கத்து வயலில் இறங்கி, மருதமரம் வரை நடந்தே வருகிறாள்.

நீதி: மோதுவதற்கு முன் உரக்க அறிவித்துவிடுங்கள். மோதிய பிறகு பேச ஒருவர்தான் மிச்சம் இருப்பார்.