ஓவர்லாக்குக்குத் தைத்த ராம்பர்

திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தவர்களுக்கு, உயிருள்ள எதற்கும் சட்டை தைத்துவிடலாம் என்ற திமிர் வந்துவிடும். ஆர்டர் வேலைகளைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்த எனக்கு ஆறே மாதத்தில் வந்துவிட்டது. (மூளை வந்து சேரத்தான் தாமதமானது.)

எங்கள் கம்பெனியில் ஒரு பெண் நாய் இருந்தது. ஓரம் அடிக்கும் ஓவர்லாக் தையல் மெஷின் மாதிரி விடாமல் உறுமுவதால் அதற்கு ஓவர்லாக் என்றே பெயர். ஷிப்மெண்டுக்கு மடித்து வைத்த வெள்ளை பனியன்கள் மேல் அது குட்டி போட்ட அன்று முதலாளி கொதித்துப்போனார்.

"இன்னொருக்கா இப்புடி ஆச்சுன்னா வெள்ளகோவிலுக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய் உட்ருவனுங்க அம்மிணி!" கோபத்திலும் 'ங்க' தவறாத மனிதர்.

என் மதியச் சோற்றில் பங்குதாரர் அந்த நாய். எனக்கு அழுகையே வந்துவிட்டது. குட்டிகளுக்கு வீடு பார்த்துக் கொடுத்துவிட்டு, கருத்தடை ஆபரேஷனுக்கு ஒரு இளம் டாக்டரம்மாவைப் பிடித்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு பெண் நாய்களின் உடம்பில் ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் எவ்வளவு ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று ரத்தம் எடுத்துப் பார்ப்பது அவருடைய மேல்படிப்பு ஆராய்ச்சி.

ஆபரேஷன் முடிந்ததும் சொன்னார்: "இந்த ஸ்ட்ரெஸ்ஸுங்கறது உடம்புக்குள்ள துரு புடிக்கற மாதிரின்னு வெச்சுக்குங்க. கொஞ்ச நாள்ல உடம்பே சரி பண்ணிக்கும். ஆனா நாய் ஓடக் கூடாது, பயப்படக் கூடாது, தையலை நக்கக் கூடாதுங்க. அடுத்த வாரம் வந்து மறுக்கா ரத்தம் எடுக்கறேன்."

"தையல் பிரிஞ்சு சரக்குல ரத்தக்கறை பட்டுதுன்னா வெள்ளகோவில்தானுங்க" என்றார் முதலாளி.

நக்காமல் இருக்க டாக்டர் ஒரு பிளாஸ்டிக் புனலைக் கழுத்தில் மாட்டினார். பனியன் ஊரில் பிளாஸ்டிக்கா? எனக்கு மானப் பிரச்சினை. இரண்டு வயதுக் குழந்தைக்கான ராம்பர் பேட்டர்னை எடுத்து, உடம்பைக் கவ்விப் பிடிக்கும் ரிப் துணியில் கழுத்து முதல் கால் வரை ஒரே உடுப்பாகத் தைக்க வைத்தேன். அடியில் பிரஸ் பட்டன் வேறு. செக்கிங் பெண்கள் புரட்டிப் பார்த்து "பீஸ் ஓகேங்க" என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள். குழந்தைக்கு இல்லாத ஒன்று நாய்க்கு உண்டு என்பது ஒருத்திக்கும் உறைக்கவில்லை.

டாக்டர் வரும் நாளில் அசத்த வேண்டாமா? அவர் வரும் நேரம் பார்த்துப் புனலைக் கழற்றி, ஓவர்லாக்கின் வாலை மடக்கி உள்ளே தள்ளி, பட்டனைப் போட்டேன்.

டாக்டர் வந்தார். ஓவர்லாக் வாலாட்டப் பார்த்தது. ஆடவில்லை. திரும்பிப் பார்த்தது. பின்னால் யாரோ பிடித்து இழுக்கிறார்கள் என்று முடிவு செய்து, எடுத்தது ஓட்டம்.

கட்டிங் டேபிள், அயர்னிங் டேபிள் எல்லாவற்றையும் சுற்றியது. "ஓடாதடி, துரு புடிச்சுரும்!" என்று கத்தியபடி நான் பின்னால். கட்டிங் வேஸ்ட் குவியலில் தலைகுப்புற விழுந்து, காதில் நூல் தொங்க எழுந்தேன். (செல்போனில் கேமரா வராத காலம். பிழைத்தேன்.) ஓவர்லாக் முதலாளியின் மேஜைக்கடியில் பாய, அவர் நாற்காலி மேல் ஏறி நின்றார்.

அங்கேயே பிடித்தேன். நூல் வெட்டும் ட்ரிம்மரால் பின்பக்கம் ஒரு ஓட்டை போட்டேன். வால் வெளியே துள்ளியது. அடுத்த நொடி ஓவர்லாக் உட்கார்ந்து, ஒன்றுமே நடக்காதது போல வாலை ஆட்டியது.

டாக்டர் பட்டனைக் கழற்றினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மெஷின்கள்கூட நின்றிருந்தன.

"தையல் கல்லாட்டம் இருக்குதுங்க! இந்தத் துணி இறுக்கிப் புடிச்சதுல ஒன்னும் ஆவலை."

விசில் பறந்தது. உலகக் கோப்பையைத் தூக்குவது போல நாயைத் தூக்கினேன். முதலாளி நாற்காலியிலிருந்து இறங்காமலே தீர்ப்புச் சொன்னார்: "இருக்கட்டுமுங்க அம்மிணி, இங்கயே இருக்கட்டும்."

"இத்தன ஓட்டத்துக்கப்புறம் இன்னைக்கு இதுக்கு ரத்தம் எடுத்தா என்னோட ஆராய்ச்சி கெட்டுப்போயிரும். உங்களுக்கு வேணா எடுக்கலாமுங்க" என்றார் டாக்டர். சில நாள் கழித்து எடுத்துப் பார்த்தபோது ஓவர்லாக்குக்கு ஸ்ட்ரெஸ் நன்றாக இறங்கியிருந்தது. அதன்பின் பல வருடம் கம்பெனி கேட்டை அதுதான் ஆண்டது. எனக்கு இன்றுவரை பெருமை தாங்கவில்லை.

ஆனால் வீட்டில் நான் எந்தக் காரியத்தைப் பற்றியும் "எல்லாம் பக்காவா முடிச்சுட்டேன்" என்று மார்தட்ட முடியாது. என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்பார்: "வாலுக்கு ஓட்டை உட்டயா?"