பேரிங் அண்ணன் கடித்த ஸ்பீக்கர்

நெய்வேலி நகரியத்தில் சுழலுகிற, உறுமுகிற எந்தப் பொருளும் பேரிங் அண்ணனிடம் பொய் சொல்லித் தப்பித்ததில்லை. சுரங்கத்தில் நிலக்கரி சுமந்து ஓடும் கன்வேயர் பெல்ட்டுகளின் பராமரிப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

ஒருமுறை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று செருப்பைக் கழற்றி, வெறுங்காலைத் தரையில் ஊன்றினார். "முன்சக்கரத்துல பேரிங் போயிடுச்சுங்க. எறங்கிடலாம்" என்று சொல்லி இறங்கியும் விட்டார். நான் இறங்கவில்லை. அன்று பஸ் நடுவழியில் நின்று, பண்ருட்டி போய்ச் சேர எனக்கு மூன்று மணி நேரம் ஆனது.

ஒரு கல்யாணத்தில் மேடையின் இரும்புக் குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மணமக்கள் தலைக்கு மேல் ஓடிய மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். ஆளாளுக்குத் திட்டினார்கள். எல்லோரும் பந்தியில் இருந்தபோது அந்த விசிறி காலி மேடையில் விழுந்தது.

சென்ற மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தார். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ஆசையாக வாங்கி அனுப்பிய உயர்ரக ஸ்பீக்கர்கள், இரண்டும் இடுப்பு உயரம். அதில் ஒன்று, மிருதங்கம் ஒலிக்கும்போதெல்லாம் 'கொறகொற' என்று தொண்டையைச் செருமியது. வயர்களை இடம் வலம் மாற்றிச் செருகினேன். அதே பெட்டிதான் செருமியது. கம்பெனிக்காரர் போனில், "திறந்துடாதீங்க சார், வாரண்டி போயிடும். சென்னைக்கு அனுப்புங்க" என்றார். மகளோ மறுநாள் வருகிறாள். அதில் பாட்டுக் கேட்கத்தான் வருகிறாள்.

மனைவி டீக்கடைக்கே போய்ப் பேரிங் அண்ணனை அழைத்து வந்துவிட்டாள்.

வந்தவர் பாட்டை ஓடவிடச் சொல்லிவிட்டு, ஒரு நீள ஸ்குரூ டிரைவரை எடுத்தார். முனையைப் பெட்டியில் ஊன்றி, கைப்பிடியைப் பல்லால் கடித்தார். எச்சில் பார்க்கிற என் மனைவி அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு பெட்டியைச் சுற்றிச் சுற்றிக் கடித்தவர் கடைசியில் வாயை எடுத்து, பாட்டை நிறுத்தச் சொன்னார்.

"உள்ள இன்னாவோ குதிச்சிக்கினு இருக்குதுங்க."

உடனே திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தார். "அண்ணே, திறக்காதீங்க" என்று பின்னாலிருந்து சொன்னேன். கத்தினேன். திரும்பவே இல்லை. நான் ஓடி எதிரே வருவதற்குள் ஸ்பீக்கரின் வயிறு திறந்து கிடந்தது. அவர் உள்ளே கையை விட்டு, காய்ந்த மண்கட்டிகளை அள்ளி எடுத்தார். பின்பக்கக் காற்றுத் துளை வழியாகக் குளவி புகுந்து கட்டிய கூடு. உடைந்து உருண்டிருக்கிறது.

மூடிவிட்டுப் பாட்டு வைத்தோம். செருமல் இல்லை. ஆனாலும் எனக்குக் கோபம்.

"அத்தனை தடவை கத்தினேனே அண்ணே, காதுல விழலையா?"

"எதுருல நின்னு சொல்லணும்ங்க. எனக்குத்தான் காது கேக்காதே."

"எப்போலேர்ந்து?"

"சீழ் வெச்சு ரெண்டும் போயி ஆறு வருசம் ஆவுது. வாயப் பாத்துப் புரிஞ்சிக்கினு இருக்கேன். சத்தம் வந்தா எலும்பு வழியாத்தான்."

தினமும் அவரோடு டீ குடித்துப் பேசுகிறவன் நான்.

அவர் கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார். "ஒரு பாட்டு முழுசா வெக்கிறீங்களா? கேட்டு ரொம்ப நாளாச்சு."

மறுநாள் வந்த மகள் விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள். ஊருக்குக் கிளம்பும் முன் அவருக்குப் பிடித்த பாட்டுகளையெல்லாம் தேடிச் சேர்த்து வைத்துவிட்டுப் போனாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறார். பெட்டியில் நெற்றியை ஒட்டி வைத்து உட்கார்ந்துகொள்கிறார். நாங்கள் சத்தத்தை நன்றாகவே கூட்டி வைக்கிறோம். பக்கத்துக் குவார்ட்டர்ஸிலிருந்து இதுவரை யாரும் குறைக்கச் சொல்லி வந்து கதவைத் தட்டவில்லை.