ரொட்டிக்காரர் சொன்ன சாஸ்திரம்

கோபக்காரனை ஏமாற்றுவது ரொம்பச் சுலபம். அவன் எதற்குக் கோபப்படுவான் என்று தெரிந்தால் போதும். அதை அவன் முன்னால் தூக்கிப் போட்டுவிட்டு, அவன் கத்தி முடிப்பதற்குள் நம் காரியத்தை முடித்துக்கொள்ளலாம். இது எனக்குப் புத்தகம் படித்து வந்த ஞானம் இல்லை. பட்டு வந்தது.

எழுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்தேழு வயது. பரமத்தி வேலூரில் அப்பாவுக்குக் கொஞ்சம் வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. அதில் கால் வைக்க மாட்டேன் என்று அவரோடு சண்டை போட்டுவிட்டு, நாமக்கல்லில் ஒருவருடைய லாரியை ஓட்டிக்கொண்டிருந்தேன். (எதற்காகச் சண்டை என்பது இப்போது மறந்துவிட்டது. நான் கத்தியது மட்டும் நன்றாக ஞாபகமிருக்கிறது.) அந்தச் சமயத்தில் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெயர் சம்பூரணம். காப்பி டம்ளரை வைத்துவிட்டு, தலை குனியாமல் என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை பார்த்தாள். டயர் வாங்க வந்தவன் டயரைப் பார்க்கிற பார்வை. எனக்கு அவளை அங்கேயே பிடித்துப்போயிற்று.

ஜாதகம் பொருந்தியது. பெண்ணின் அப்பா மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

"பையன் வண்டி ஓட்டுறாப்ல, செரிங்க. அது யாரு வண்டிங்க?"

எங்கள் பக்கம் எல்லோரும் காலி டம்ளரை எடுத்துக் குடித்தார்கள். சொந்த வண்டியோடு வந்து தங்கள் வாசலில் நிற்கட்டும், மேற்கொண்டு பேசலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதோடு விட்டாலும் பரவாயில்லை. போர்வெல் ரிக் லாரி வைத்திருக்கும் ஒரு குடும்பமும் அதே பெண்ணைக் கேட்டுக்கொண்டிருந்தது. ஆனி முடிவதற்குள் நான் வண்டியோடு போய் நிற்காவிட்டால் ஆடியில் பேச்சு நின்றுவிடும், ஆவணியில் அவர்களோடுதான் பேசுவார்கள் என்று தரகர் திட்டவட்டமாகச் சொன்னார்.

அப்பா என்னோடு பேசாமலே பணத்துக்கு ஏற்பாடு செய்தார். பெங்களூரில் ஒரு ரொட்டிக் கடைக்காரர் தன் பழைய வேனை விற்கிறார் என்று லாரி டிரைவர் ஒருவன் சொன்னான். ஆனி மாதத்தின் கடைசி நாள் விடியற்காலை நானும் அப்பாவும் அங்கே போய் நின்றோம்.

வேன் எனக்கு மூத்தது. வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலில் வந்திறங்கியதாம். உருண்டை மூக்கு, மரத்தில் அடித்த பாடி, திடுக்கிட்டு விழித்த மாதிரி இரண்டு விளக்குகள். கதவைத் திறந்தால் பன் வாசனை குப்பென்று அடித்தது. நான் அடியில் படுத்துப் பார்த்தேன். ஸ்க்ரூ டிரைவரின் ஒரு முனையை இஞ்சினில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்து, கண்ணை மூடிக் கேட்டேன். டாக்டர்கூட அவ்வளவு நேரம் கேட்க மாட்டார். அப்புறம் ஓட்டிப் பார்த்தேன். அந்தக் காம்பவுண்டுக்கு இரண்டு கேட் இருந்தது. ஒன்றில் வெளியே போய் மற்றதில் உள்ளே வந்தேன். தங்கமாக ஓடியது. என்ன கவனிக்கவில்லை என்பது உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தது ரொட்டிக்காரர்தான். வெள்ளை மீசை, மரியாதையான மனிதர். வழிக்குச் சாப்பிட ஒரு பை நிறைய ரஸ்க்கை அப்பா கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"கை மாறுற வண்டி, வீட்டு வாசலைப் போய்ச் சேர்ற வரைக்கும் ஒரு அடிகூடப் பின்னால போகக் கூடாது. உங்க சேலம் பக்கத்துச் சாஸ்திரந்தானே இது, உங்களுக்குத் தெரியாததா?"

அப்பாவுக்கு அதுவரை ஒரு சைக்கிள்கூட இருந்ததில்லை. அவர் சொன்னார்: "தெரியாமயா இருக்குமுங்க? எங்க பெரியப்பன் மாட்டு வண்டி வாங்குனப்பவே அப்படித்தானுங்க."

எனக்கு ஏறிவிட்டது. மாட்டு வண்டி எந்த ஊரில் பின்னால் போகும் என்று அப்பாவிடம் கேட்டேன். மூடநம்பிக்கையால்தான் இந்த நாடு கெட்டது என்று இருவரிடமும் கத்தினேன். இப்போதே ரிவர்ஸ் எடுத்துக் காட்டுகிறேன், என்ன ஆகிறதென்று பார்க்கலாம் என்று வண்டியில் ஏறினேன். ரிவர்ஸ் போட்டால் பஸ்ஸில் ஊருக்குப் போய்விடுவேன் என்று அப்பா ரஸ்க் பையோடு விலகி நின்றுகொண்டார். ரொட்டிக்காரர் என் முதுகில் தட்டி, பெரியவர் மனசு கோண வேண்டாம் தம்பி என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு முதல் கியரைப் போட்டு வெளியே வந்தேன். அந்த மனிதர் கேட்டில் நின்று, நாங்கள் மறையும்வரை கையாட்டிக்கொண்டே இருந்தார். எவ்வளவு நல்ல மனிதர் என்று அப்பா ஓசூர்வரை சொல்லிக்கொண்டு வந்தார்.

அன்றைக்கு அந்த ரோட்டில் வண்டிகளைவிடப் புளியமரங்கள்தான் அதிகம். இரண்டு பக்கமும் கிளைகள் மேலே கைகோத்திருக்கும். நாங்கள் அதற்குள் ரொட்டி வாசனையோடு போய்க்கொண்டிருந்தோம். அப்பா ரஸ்க்கைக் கடித்துக்கொண்டும், அது முடிந்தால் வெற்றிலை போட்டுக்கொண்டும் வந்தார். எங்களுக்குள் சண்டை இல்லாத பேச்சு நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அன்றைக்கு அவர் மைல்கல்லை எல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தார். நானும் பதிலுக்கு ஊர்ப் பெயரைச் சொன்னேன். இப்போது நினைத்தால் அந்தப் பயணத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி அதுதான்.

கிருஷ்ணகிரி தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். அப்பா பின்பக்கம் கை கால் கழுவப் போனார். எனக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை. அவர் திரும்புவதற்குள் நான்கடி பின்னால் எடுத்து நிறுத்திவிட்டு, பார்த்தீர்களா, வானம் இடிந்து விழுந்ததா என்று கேட்க வேண்டும் என்று நினைத்தேன். ரிவர்ஸ் போட்டேன். கியர் கம்பி அழகாகப் போய் உட்கார்ந்தது. கிளட்சை விட்டேன். ஆட்டுக்கல்லில் கருங்கல் ஜல்லியைப் போட்டு ஆட்டுகிற சத்தம் கேட்டது. வண்டி அசையவில்லை. மறுபடி போட்டேன். மறுபடி ஜல்லி. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

வண்டியைத் திருப்பிக்கொண்டு பெங்களூர் போய் ரொட்டிக்காரரின் மீசையைப் பிடித்திருக்கலாம். போனால் ஆனி போய்விடும், சம்பூரணமும் போய்விடுவாள். அதைவிட, அப்பாவிடம் சொல்ல வேண்டும். இஞ்சினின் இதயத் துடிப்பைக் கேட்ட டாக்டர், நோயாளிக்குக் கால் இல்லை என்பதைக் கவனிக்கவில்லை என்று எந்த வாயால் சொல்வது?

அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். யோசித்துப் பார்த்தேன், பெரியவர்கள் சொன்னால் காரணம் இல்லாமலா இருக்கும், ரிவர்ஸ் எடுக்கவே வேண்டாம் என்றேன். அவர் என்னை நின்று பார்த்தார். அப்புறம் எனக்கு ஒரு ரஸ்க் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அந்தச் சாஸ்திரத்துக்கு என்னைவிடப் பெரிய பக்தன் கிடையாது. சேலத்தில் சூரமங்கலம் தாண்டி ஒரு ரயில்வே கேட். கேட் இறங்கிக்கொண்டிருக்கும்போது அவசரப்பட்டு மூக்கை நுழைத்துவிட்டேன். இறங்கிய கம்பம் வேன் தலையில் வந்து உட்கார்ந்தது. கேட்காரர் பச்சைக் கொடியும் கையுமாக ஓடிவந்து பின்னால் எடுக்கச் சொன்னார். நான் ஜன்னலில் தலையை நீட்டி, புதிதாக வாங்கிய வண்டி, வீடு போய்ச் சேரும்வரை பின்னால் எடுப்பது எங்கள் குடும்பத்தில் பழக்கமில்லை என்றேன். (இந்த வார்த்தைகளை நான்தான் சொன்னேன். காலையில் நாடு கெட்டதைப் பற்றிப் பேசிய அதே வாய்.) அடிக்க வருவார் என்று நினைத்தேன். அவர் தலையைச் சொறிந்துவிட்டு, எங்க சித்தப்பாவும் அப்படித்தான் சொல்வாரு என்றார். கம்பத்தைத் தூக்கி என்னை அந்தப் பக்கம் போகவிட்டு மறுபடி இறக்கினார். அப்பா என்னைப் பெருமையாகப் பார்த்தார்.

திருச்செங்கோட்டை நெருங்கும்போது சாயங்காலம் நாலு மணி. பெண் வீட்டுத் தெரு முனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து போய்விடுவதென்று திட்டம் போட்டிருந்தேன். ஆனால் தரகர் முன்பே சொல்லிவைத்திருந்ததால் தெரு முனையில் பெண்ணின் அப்பாவே நின்றுகொண்டிருந்தார். சொந்தக்காரர்கள் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றார்கள். அவர் முன்னால் நடந்துகொண்டே, வாங்க வாங்க என்று கையைக் காட்டிக் கூட்டிப்போனார். வேன் அகலத்துக்கே இருந்த சந்து. அது அவர்கள் வாசலில் போய் முடிந்தது. வாசலுக்கு அந்தப் பக்கம் ஆளுயரக் கல் சுவர். திரும்ப இடமில்லை. இஞ்சினை அணைத்தபோது என் ஆயுளும் அணைந்ததுபோல இருந்தது.

உபசாரத்தில் குறையே இல்லை. இனிப்புக்கு ஒப்புட்டு, நெய், காப்பி. பெண்ணின் அப்பா வேனைச் சுற்றிவந்து தட்டிப் பார்த்தார். பாடி கெட்டி என்றார். எல்லாம் நன்றாகப் போனது. பொழுது சாய்வதற்குள் கிளம்பலாம் என்று அப்பா எழுந்தார். யாரோ ஒருவர், நான் பின்னால் பார்த்துச் சொல்கிறேன், எடுங்கள் என்று சந்துக்குள் போய் நின்றார்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சாஸ்திரத்தை விளக்கினார்.

பெண்ணின் அப்பாவுக்கு வேறு கவலை வந்துவிட்டது. சம்பந்தம் பேசவந்த வண்டி தன் வாசலிலிருந்து பின்வாங்கிப் போனது என்று ஊர் பேசினால் என்ன ஆவது? சுவரைப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் கடலைக்காடு, அதை ஒட்டி வண்டித் தடம்.

"ஏனுங்க, கடப்பாரைய எடுத்துட்டு வாங்க," என்றார்.

நான்கு பேர் சுவரை இடிக்க ஆரம்பித்தார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருக்கும். சொல்லவில்லை. டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கல்லும் என் தலைமேல் விழுகிற மாதிரி இருந்தது. சுவர் முக்கால்வாசி இறங்கியபோது சம்பூரணம் இடிக்கிறவர்களுக்குத் தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். போகிற போக்கில் என் ஜன்னலருகே நின்றாள். அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு இது:

"பின்னால போகக் கூடாதுங்களா, போக முடியாதுங்களா?"

நான் அவளைப் பார்த்தேன். அதே டயர் பார்வை.

"முடியாது," என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டுத் தண்ணீர் கொடுக்கப் போய்விட்டாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட நான் கத்திச் சமாளித்திருப்பேன். சொல்லாமல் போனதைத்தான் தாங்க முடியவில்லை. இறங்கிப் போய்ச் சுவருக்கும் கடப்பாரைக்கும் நடுவே நின்றேன்.

"இடிக்காதீங்க. இந்த வண்டிக்கு ரிவர்ஸ் கியரே இல்லீங்க. சாஸ்திரமும் இல்லை, ஒண்ணும் இல்லை. வித்தவன் சொன்ன பொய். நான் பாக்காம வாங்கிட்டேன். பாதி வழியில தெரிஞ்சும் மறைச்சுட்டேன்."

கடப்பாரைகள் நின்றன. கடலைக்காட்டில் மேய்ந்த ஆடுகூட மேய்வதை நிறுத்தியது என்று என் மச்சினன் இன்றைக்கும் சத்தியம் செய்வான். பெண்ணின் அப்பா என் அப்பாவைப் பார்த்தார். அப்பா அவமானத்தில் உட்கார்ந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் நிதானமாக வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

"கியர் இல்லாதது வண்டிக்கு ஒரு கொறைங்க. அதுக்காகப் பழக்கத்த உட முடியுங்களா? பழக்கம் பழக்கந்தானுங்க."

பெண்ணின் அப்பா யோசித்தார்.

"அதுஞ் செரிதானுங்க," என்றார். "ம், இடிங்கப்பா."

மிச்சச் சுவரும் போயிற்று. முதல் கியரில் கல் மேட்டின் மேல் ஏறி இறங்கி, கடலைக்காட்டில் இரண்டு பட்டையாகத் தடம் போட்டு வெளியே வந்தேன். பெண்ணின் அப்பா கூடவே நடந்துவந்து, ஆடி போகட்டும், பேசிக்கலாம் என்றார். வேண்டாம் என்பதை மரியாதையாகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் ஊர் போய்ச் சேரும்வரை நான் ரோட்டை மட்டுமே பார்த்து ஓட்டினேன். அப்பா மைல்கல்லைப் படித்துக்கொண்டே வந்தார்.

ஆவணி முதல் வாரமே சம்மதம் என்று ஆள் வந்தது. அது சம்பூரணம் சொன்ன சம்மதம் என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. ரிக் லாரியை விட்டுவிட்டு இந்த நொண்டி வண்டிக்காரனை எதற்குக் கட்டிக்கொண்டாய் என்று கேட்டேன்.

"அவங்களுந்தான் பொய் சொல்லியிருப்பாங்க. கேட்டா சாதிச்சிருப்பாங்க. உங்களக் கேட்ட ஒடனே கக்கிட்டீங்க. இத வெச்சுப் பொழைக்கலாம்னு தோணுச்சுங்க."

இதைவிட நல்ல சர்டிபிகேட்டை நான் வாழ்க்கையில் வாங்கியதில்லை.

நாமக்கல்லில் கியர்பாக்ஸைப் பிரித்துச் சரிசெய்தோம். அந்த வேனில் பல வருஷம் வேலூர் வெற்றிலை ஏற்றினேன். அப்பா கடைசிவரை பக்கத்து சீட்டில்தான் வந்தார். அவரும் போய்விட்டார், வேனும் போய்விட்டது. ரொட்டிக்காரரின் பொய் மட்டும் சாகவில்லை. என் மாமனார் ஊரில் இன்றைக்கும் டிராக்டர் வாங்கினாலும் டிராவல்ஸ் வண்டி வாங்கினாலும், வீடு வந்து சேரும்வரை பின்னால் எடுக்க மாட்டார்கள். அது ஒரு திருடன் சொன்ன பொய் என்று கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் நான் தொண்டை கிழியக் கத்தியாகிவிட்டது. மாப்பிள்ளை விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று சிரிக்கிறார்கள்.

போன மாதம் என் மகன் சேலத்தில் கார் எடுத்தான். இஞ்சினியரிங் படித்தவன், இந்தக் கதையை நூறு தடவை கேட்டவன். ஷோரூமிலிருந்து போன் செய்தான். காரைச் சுவரைப் பார்க்க நிறுத்திக் கொடுத்திருக்கிறார்களாம், பின்னால் எடுக்காமல் வெளியே வர வழியில்லையாம், என்ன செய்வது என்று கேட்டான். முட்டாளே, அது பொய் என்று உனக்குத் தெரியாதா என்று நான் பிடித்துக்கொண்டேன். தெரியும், இருந்தாலும் மனசு கேட்கவில்லை என்று இழுத்தான். நான் இரண்டாவது ரவுண்டு கத்த மூச்சை இழுப்பதற்குள் சம்பூரணம் போனை வாங்கிவிட்டாள்.

"அங்கியே நில்லு சாமி," என்றாள். "அப்பா கடப்பாரையோட வாராரு."