கடிபட்டவர் தரப்பு

"விரல் அவன் வாய்க்குள்ள இருந்துச்சு மாப்ளே! நான் எங்க போய்ப் பின்வாங்கறது?"

பல் டாக்டர் இடக்கையில் போனைப் பிடித்துக்கொண்டு, கட்டுப்போட்ட வலக்கை ஆள்காட்டி விரலைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியதுபோல நிமிர்த்தி வைத்திருந்தார். மறுமுனையில் அவருடைய மச்சினன்; வக்கீல்.

"சட்டம் அப்படித்தான் கேக்கும் மாமா. ஒருத்தன் தாக்க வந்தா, விலகிப் போக வழியிருந்தா முதல்ல விலகணும். வழியே இல்லன்னாத்தான் திருப்பி அடிக்கலாம். அதுவும் தேவையான அளவுக்குத்தான். எத்தனை அறை விட்டீங்க?"

"ஒண்ணு."

"அவ்வளவுதானே?"

"விரலை விட்டதும் இன்னொண்ணு."

"விட்ட பிறகு எதுக்கு?"

"முதல் அறை சரியா விழல."

மறுமுனையில் யாரோ நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் கேட்டது.

"மாமா, முதல் அறை தற்காப்பு. ரெண்டாவது அறை கேஸு. அவர் புகார் குடுத்தா உங்க லைசென்ஸ் காலி. நான் வர்ற வரைக்கும் அவரை வாயைத் திறக்க விடாதீங்க."

'வாயைத் திற, வாயைத் திற' என்றே பிழைத்து வந்த மனிதருக்கு இப்படியொரு சோதனை.

கிளினிக் திறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஆனாலும் டாக்டர் அசரவில்லை. நியாயம் தன் பக்கம் என்று நடையிலேயே தெரியும்படி முன்னறைக்குப் போனார்.

கடித்தவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். லாரி டிரைவர். நாக்கு மரத்து, வாய் நிறையப் பஞ்சு. டாக்டரைக் கண்டதும் எழுந்து, விரல் தடம் பதிந்திருந்த வலது கன்னத்தைத் தட்டித் தட்டிக் காட்டி, "ஹொஹ்... ஹொஹ்ஹ..." என்றார்.

"பேசக்கூடாது! பேசினா மரத்த நாக்கைக் கடிச்சுக்குவீங்க!" என்று டாக்டர் இன்னும் இரண்டு பஞ்சுருளைகளை உள்ளே திணித்தார்.

டிரைவர் கண்களை உருட்டினார். பக்கத்தில் காத்திருந்தவர்களிடம் திரும்பி, அவர்களிடமும் கன்னத்தைக் காட்டினார். அங்கிருந்த மூன்று பேருக்கும் பல்வலி ஒரே நேரத்தில் சரியாகிவிட்டது. செருப்பைத் தேடிக் கிளம்பினார்கள்.

"பாத்தீங்களா சிஸ்டர்? அறை வாங்கின இடத்தைக் காட்டி ஆள் சேர்க்கறான்!"

"எனக்கென்னவோ அவர் ஏதோ சொல்ல வர்றாப்ல இருக்கு டாக்டர்."

"அதைத்தான் சொல்ல விடக்கூடாது."

வக்கீல் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். வந்ததும் நேரே சிகிச்சை நாற்காலியில் ஏறிப் படுத்துக்கொண்டார்.

"நடந்ததை அப்படியே செஞ்சு காட்டுங்க மாமா. விலக வழியிருந்துச்சா இல்லையான்னு நான் பாக்கணும். பயப்படாதீங்க, மெதுவாத்தான் கடிப்பேன்."

டாக்டர் கட்டில்லாத விரலை நீட்டினார். வக்கீல் கடித்தார்.

பளார்!

"மாமா! நான் அழுத்திக்கூடக் கடிக்கலையே!"

"அது உனக்கு எப்படித் தெரியும்? விரல் என்னுது!"

"இன்னிக்கு இது மூணாவது அறை, டாக்டர்" என்றாள் சிஸ்டர்.

சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த டிரைவர், கன்னத்தைப் பிடித்தபடி எழுந்த வக்கீலைக் கூடப்பிறந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

வக்கீல் கோட்டைச் சரிசெய்துகொண்டு டாக்டரின் காதருகே வந்தார். "இனிமே ஒரே வழிதான். காரணமே இல்லாமக் கடிச்சேன்னு அவர் வாயாலேயே வரவழைச்சுடறேன். அப்புறம் அவர் எங்க போய்ப் புகார் குடுக்க முடியும்? பஞ்சை எடுக்கச் சொல்லுங்க."

டாக்டருக்குத் தெம்பு வந்துவிட்டது. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சிஸ்டர் பஞ்சை எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது.

"சொல்லுங்க" என்றார் வக்கீல், நீதிமன்றக் குரலில். "டாக்டர் உங்க நல்லதுக்குத்தானே வைத்தியம் பண்ணினார்? அவரால உங்களுக்கு என்ன ஆபத்து? எதுக்காகக் கடிச்சீங்க?"

டிரைவர் தாடையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்துக்கொண்டார்.

"வலி வலது பக்கம்னு சொல்லித்தாங்க வந்தேன், மல்லாக்கப் படுக்கப் போட்டு, வாயில பஞ்சை அடைச்சுட்டு, இடது பக்கத்து நல்ல பல்லை இடுக்கியால பிடிச்சுட்டாரு... எழுந்து ஓட வழி இருந்தா நான் ஏங்க கடிக்கப் போறேன்?"