சிலாஸ் ஹெப்வொர்த் வீட்டு ஜன்னலைத் தட்டுவது குறித்து

டேனர் தெரு, லங்காஷயர்
6 அக்டோபர் 1919

மதிப்பிற்குரிய பத்திரிகை ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

ஆம்புரோஸ் டக்வொர்த் பணிவுடன் எழுதுவது. நான் நலம், இடது காது மட்டும் பிரான்சில் தங்கிவிட்டது. தாங்களும் தங்கள் அச்சு இயந்திரமும் நலமென்று நம்புகிறேன்.

சென்ற வாரம் 'அமைதி விரும்பி' என்ற பெயரில் ஒருவர், நான் விடியற்காலையில் செத்தவர்களை எழுப்புகிறேன், என்னைப் பைத்தியக்கார விடுதியில் அடைக்க வேண்டும் என்று தங்கள் பத்திரிகையில் எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு நகரசபை வரும் திங்கட்கிழமை எனக்கு ஒரு டாக்டரை அனுப்புகிறது. அதற்குள் இந்த விளக்கத்தை வெளியிட வேண்டுகிறேன்.

போருக்கு முன் ஆலைத் தொழிலாளிகளை எழுப்புவது என் தொழில். நீண்ட கழியின் நுனியில் கம்பி கட்டி மாடி ஜன்னலைத் தட்டுவேன்; ஆள் எழுந்துவிட்டான் என்று தெரியும்வரை நகரமாட்டேன். மொத்தம் முப்பத்தோரு ஜன்னல். "எழுந்துட்டேன்டா, போய்த் தொலை!" என்று சிலாஸ் ஹெப்வொர்த் தினமும் ஒரு பூட்ஸை எறிவான். பட்டாளத்துக்கு ஆள் எடுத்த அன்று, நம் தெரு முந்திக்கொள்ளட்டும் என்று எல்லோரையும் ஒரு மணி நேரம் முன்னதாகவே எழுப்பிவிட்டேன். வரிசையில் முதல் முப்பத்திரண்டு பேரும் நாங்கள்தான். பதுங்குகுழியிலும் அவர்களை எழுப்பும் வேலை எனக்கே வந்தது. "பழகின கைடா உனக்கு" என்றார் சார்ஜென்ட். கடைசி நாள் மட்டும் யாரையும் எழுப்ப வேண்டியிருக்கவில்லை; ஒருவரும் தூங்கவில்லை. ஏழரைக்கு ஏணியில் ஏறிக் குழிக்கு வெளியே எதிரியை நோக்கிப் போனோம். எட்டு மணிக்கு எனக்கு நான்கு வாடிக்கைக்காரர்கள் மிஞ்சியிருந்தார்கள்.

இப்போது அந்த நால்வரின் ஜன்னல்களையும், கூடவே சிலாஸின் ஜன்னலையும் தட்டுகிறேன். சிலாஸ் அந்த நால்வரில் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவன் தாயாருக்குத்தான் தெரியவில்லை. நான் தட்டினால் பாவம், ஜன்னலைத் திறந்து, "எழுந்துட்டான், நீ போப்பா" என்கிறார். மகன் செத்ததை அந்த மனம் ஏற்கவில்லை. ஒரு கிழவியின் மனம் நோகக் கூடாதென்று கழியைத் தூக்குபவன் பைத்தியமா என்பதை டாக்டர் யோசிக்கட்டும்.

தங்கள் பத்திரிகை தவறாமல் வெளிவரவும், அதில் சாவுச் செய்திகள் குறையவும் வேண்டும்,
ஆம்புரோஸ் டக்வொர்த்

பி.கு. தவறு ஏதும் இருக்கக் கூடாதென்று இதைச் சிலாஸின் தாயார் திருமதி ஹெப்வொர்த்திடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "நீ பட்டாளத்துல இருந்து திரும்பி வந்த மொத நாள் கொட்டுற மழையில ஒரு மணி நேரம் நின்னு தட்டினே. 'சிலாஸ் செத்துட்டான்பா'ன்னு மூணு தடவை சொன்னேன். நீ நகரல. 'எழுந்துட்டான்'னு சொன்னதுக்கப்புறம்தான் போனே. அதான் தினமும் அதையே சொல்றேன்" என்றார். அப்படியானால் கடிதத்தைக் கிழித்துவிடுகிறேன் என்றேன். "கிழிக்காதே. டாக்டர் என்னையே பைத்தியம்னு எழுதிக்கட்டும். இந்த வயசுல எனக்கென்ன?" என்கிறார். ஆகவே, இந்தப் பின்குறிப்பை மட்டும் நீக்கிவிட்டு மற்றதை வெளியிடவும்.