கப்பலுக்குள் ஒரு கற்பூரம்

உல்லாசப் பயணம் போவதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். எங்கள் ஆட்களுக்கு அது கிடையாது. நாங்கள் வீட்டைவிட்டு வெளிக்கிட்டதெல்லாம் ஓடுவதற்காகத்தான். ஊர் பார்ப்பதற்காக அல்ல. அதனால்தான் ஒரு கிழமைக் கப்பல் பயணத்துக்கு அம்மா காணி உறுதி, நகை, எல்லாருடைய பிறப்புச் சான்றிதழ், அரைக் கிலோ பருப்பு என்று பெட்டி கட்டினார். (கப்பலில் சாப்பாடு தருவாங்கள் என்று சொன்னேன். "தந்தாத் தின்னுவம். தராட்டி?" என்றார்.)

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. லண்டனில், ரெய்னர்ஸ் லேனில் நான், என் கணவர் குணம், அம்மா என்று மூன்று பேர் இருந்தோம். ஆனால் வீட்டில் எத்தனை பேர் என்று யார் கேட்டாலும் அம்மா நாலு விரலைக் காட்டுவார். நாலாவது என் தம்பி ரூபன். தொண்ணூற்றாறில் யாழ்ப்பாணத்தில் ஒரு காலை சைக்கிளில் வெளிக்கிட்டவன் திரும்பி வரவேயில்லை. அவனைக் கேட்டு அம்மா ஏறி இறங்காத அரசாங்கக் கந்தோர் கிடையாது. எல்லா இடத்திலும் "பார்க்கிறோம்" என்றார்கள். ஒருவரும் கதிரையைவிட்டு எழும்பவில்லை.

அவனை விட்டுவிட்டு எண்ணினால் அவன் செத்துப்போனான் என்று தன் வாயாலேயே சொன்னதாகிவிடும் என்று அம்மாவுக்குப் பயம். ஆகவே கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்கும் நாலு, கோயில் அர்ச்சனைக்கும் நாலு நட்சத்திரம். லண்டனுக்கு வந்த பிறகு டெலிபோனுக்குப் பக்கத்துக் கதிரைதான் அவருடைய உலகம்.

குணம் ஒருநாள் வேலையிடத்திலிருந்து ஒரு விளம்பரத் தாளோடு வந்தார். வடக்கே, ஐஸ்லாந்தையும் தாண்டி, மனிதர் இல்லாத எரிமலைத் தீவுகளைச் சுற்றிக்காட்டும் கப்பல். கடைசி நேரம் என்பதால் மலிவு. "அம்மாவுக்கு ஒரு மாறுதல் வேணும்" என்று நான் ஊருக்கெல்லாம் சொன்னேன். அது பாதி உண்மை. மீதி உண்மை, கப்டனோடு ஒரு நாள் விருந்து, அவர் பக்கத்தில் நின்று படம் எடுக்கலாம் என்று அந்தத் தாளில் போட்டிருந்தது. ஹரோக் கடைத்தெருவுக்கு ஓடிப்போய் மீன் செதில்போல மினுங்கும் நீளக் கவுன் ஒன்று வாங்கினேன். மூச்சை உள்ளே இழுத்தால் ஸிப் ஏறும், விட்டால் ஏறாது. கப்டனுக்குப் பக்கத்தில் என்றாலும் ஒரு மனுஷி எவ்வளவு நேரம் மூச்சு விடாமல் நிற்கலாம் என்று யோசிக்கிற மூளை எனக்கு அப்போது இருக்கவில்லை.

அம்மா வர மறுத்தார். "அவன் போன் அடிச்சால் ஆர் எடுக்கிறது?" பக்கத்து வீட்டு அக்காவிடம் வீட்டுத் திறப்பைக் கொடுத்து, வந்து இருந்து பார்த்துக்கொள்வதாக அவர் வாயாலேயே சொல்லவைத்த பிறகுதான் அம்மா சப்பாத்தைப் போட்டார்.

கப்பலில் முதல் நாள், மணி அடித்தால் எங்கே கூடவேண்டும் என்று ஒத்திகை வைத்தார்கள். மற்றவர்கள் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அம்மா மட்டும் லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டி, கைப்பையை நெஞ்சோடு அணைத்து, முதல் ஆளாக நின்றார். ஊரில் குண்டு விழ விழப் பங்கருக்குள் ஓடிப் பழகியவருக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

தீவுகளும் வந்தன. கரிப்பிடித்த சட்டியைக் கவிழ்த்து வைத்ததுபோல மலை, உச்சியில் புகை, மருந்துக்கும் ஒரு மரம் இல்லை. நான் "ஆகா" என்றேன். அம்மா கேட்டார்: "இஞ்ச ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை அம்மா."

"ஒருத்தரும் இல்லாத இடத்தை என்னத்துக்குப் பாக்க வந்தனாங்கள்?"

குணம் கடல் பக்கம் திரும்பிச் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. கொடுத்த காசுக்கு எரிமலையை ரசித்தே தீருவது என்று குளிரில் விறைத்துக்கொண்டு நின்றேன்.

கப்டனின் விருந்து வெள்ளிக்கிழமை விழுந்தது. அம்மா ரூபனுக்காக ஒவ்வொரு வெள்ளியும் விரதம். பொழுதுபட்டு மைம்மலானதும் விளக்கேற்றித் தேவாரம் பாடின பிறகுதான் வாயில் ஏதாவது வைப்பார். "இஞ்ச நெருப்புப் பத்தவைக்க ஏலாது அம்மா. பொழுதுபட மனசுக்குள்ள கும்பிட்டுப்போட்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டு, கவுனுக்குள் புகுந்து, குணத்தோடு மேல்தளத்துக்குப் போனேன். அம்மா தலையாட்டினார். (அம்மா தலையாட்டினால் காது கேட்டது என்று மட்டும்தான் அர்த்தம்.)

அந்த வடக்கில், ஆனி மாதத்தில், சூரியன் விழுவதே இல்லை. முந்தின இரவுகளில் கண்ணால் கண்டிருந்தும், படித்த பெண்ணாகிய நான் இதை யோசிக்கவில்லை. அம்மா பசியோடு யன்னலடியில் காத்திருந்தார். பத்து மணியாகியும் வெயில் பின்னேரம் மாதிரி எறித்துக்கொண்டிருந்தது. கடைசியில் தானே ஒரு முடிவு கட்டினார்: லண்டனில் இப்போது இருட்டியிருக்கும், ரூபன் வந்தாலும் அங்கேதானே வருவான், ஆகவே லண்டன் கணக்குத்தான் கணக்கு. தேத்தண்ணிக் கோப்பையின் தட்டில் கற்பூரத்தைக் குவித்துக் கொளுத்தினார்.

அந்த நேரம் நான் கப்டனுக்குப் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். படம் எடுப்பவர் கையை உயர்த்துகிறார். கப்பல் முழுக்க நெருப்பு மணி அலறியது. என் மூச்சு வெளியே வந்தது, ஸிப்பும் வந்தது. படக்காரர் பதற்றத்தில் கமெராவை அமத்தியும் விட்டார். குணம் தன் கோட்டைக் கழற்றி என் முதுகை மூடினார்.

விருந்தில் இருந்தவர்களை ஒரு பக்கத் தளத்துக்கு அனுப்பினார்கள். அம்மா ஒத்திகையில் சொன்னபடி தன்னுடைய இடத்துக்கு, மறுபக்கத்துக்குப் போயிருந்தார். அங்கே நின்ற அதிகாரி உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர் என்று விரல் விரித்துக் கேட்க, அம்மா நாலு விரலைக் காட்டியிருக்கிறார். மகளும் மருமகனும் சாப்பிடப் போய்விட்டார்கள் என்று சைகையால் சொன்னார். நாலாவது ஆள்? அம்மா கைப்பையைத் திறந்து ரூபனின் படத்தை எடுத்துக் கொடுத்து, பெயரையும் சொன்னார்.

முதலில் ஒலிபெருக்கியில்தான் எனக்குக் கேட்டது. "மிஸ்டர் ரூபன். மிஸ்டர் ரூபன். எங்கிருந்தாலும் அருகிலுள்ள பணியாளரிடம் வாருங்கள்." குணமும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். திரும்பவும் அதே பெயர். பிறகு இயந்திரச் சத்தம் அடங்கி, கப்பல் நின்றது. ஆள் கடலில் விழுந்துவிட்டதாக நினைத்து ஒரு சிறு படகை இறக்கினார்கள். கம்பியோரமாகத் தொலைநோக்கிகளோடு ஆட்கள் ஓடினார்கள். சாப்பாடு ஆறிப்போகிறது என்று முணுமுணுத்த வெள்ளைக்காரச் சனம் இப்போது கீழே எட்டிப் பார்த்து, முன்பின் தெரியாத என் தம்பியைக் கூப்பிடத் தொடங்கியது. "ரூபன்! ரூபன்!"

சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, கோட்டை ஒரு கையாலும் கவுனை மறு கையாலும் பிடித்துக்கொண்டு ஓடினேன். கப்டன் அம்மாவின் பக்கத்தில் குனிந்து நின்று படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டியலில் இவர் பெயர் இல்லை, ஆனால் பட்டியல் பிழையாகலாம், தாய் பிழையாக எண்ணமாட்டாள் என்றார் என்னிடம்.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, ஆங்கில இலக்கங்கள் மட்டும் தெரியும். அது தெரிந்தும் நான் சொல்லவேண்டியிருந்தது. "இந்தக் கப்பலில் நாங்கள் மூன்று பேர்தான்." அம்மா என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்படியென்றால் அவர் எங்கே?" என்று கப்டன் கேட்டார்.

தெரியாது என்றேன். அவர் ஏசுவார், தண்டம் கட்டச் சொல்வார், கடலில் இறக்கிவிடுவார் என்று பார்த்தேன். அவர் தொப்பியைக் கழற்றினார். படத்தை அம்மாவின் கையில் வைத்து மெல்ல ஏதோ சொன்னார்.

"என்னவாம் பிள்ளை?"

"தேடிப் பாத்தவையாம் அம்மா. காணேல்லையாம். மன்னிக்கட்டாம்."

"என்னத்துக்கு மன்னிப்பு? இவையாவது எழும்பித் தேடினவை எண்டு சொல்லு."

அந்த மினுங்கல் கவுனோடு அம்மாவின் தோளில் விழுந்து குழறி அழுதேன். குணம்தான் கப்டனுக்கு மொழிபெயர்த்தார்.

அன்று கப்டனின் விருந்திலிருந்து அம்மாவுக்குச் சோறும் மரக்கறியும் அறைக்கே வந்தன. ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். (மிச்ச நாளெல்லாம் ஒருவர் வந்து எங்களிடம் நெருப்புப்பெட்டி இருக்கிறதா என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனார்.)

படக்காரர் எடுத்த படம் இப்போதும் எங்கள் ஹோலில் தொங்குகிறது: கப்டன் மேலே பார்க்கிறார், நான் கரையில் போட்ட மீன்போல வாயைத் திறந்திருக்கிறேன். வீட்டில் ரிமோட் காணாமல் போனாலும், கார்த் திறப்பைக் காணவில்லை என்றாலும், குணம் "கப்பலை நிப்பாட்டுங்கோ" என்று கத்துவார். எல்லாரையும்விடக் கூடுதலாகச் சிரிப்பது அம்மாதான்.

ஆனால் வீட்டுக்கு வருபவர்களுக்கு அம்மா சொல்லும் கதையில் கற்பூரம் இல்லை, மணி இல்லை, என்னுடைய ஸிப்பும் இல்லை. "எங்கட ரூபனைத் தேடி ஒரு பெரிய கப்பலையே நிப்பாட்டினவை, தெரியுமோ?" என்பார். நாங்கள் ஒருவரும் திருத்துவதில்லை. அதில் ஒரு சொல்லும் பொய்யில்லையே.